எங்கள் கல்யாணத்துக்கு வரும் நண்பர்களுக்கு: ஒரு நாள் முன்னதாகவே வாருங்கள்

அன்புள்ள நண்பர்களே,

பத்திரிகை அனுப்பியதிலிருந்து உங்களில் பலரும் கேட்பது ஒன்றுதான்: "கல்யாணத்துக்கு வர்றோம், அப்படியே செட்டிநாட்டுல எதைப் பார்க்கலாம்?" ஆளுக்கு ஆள் தனியாகச் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும். அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்து எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறோம். இதில் எங்களுடைய வேண்டுகோள் ஒன்றும் உண்டு. முடிந்தவர்கள் ஒரு நாள் முன்னதாக வாருங்கள். அந்த நாளைக் காரில் பங்களா பங்களாவாக ஓடிப் படம் எடுப்பதில் கழிக்காமல், இரண்டு மூன்று ஊர்களில் நின்று நிதானமாகப் பாருங்கள். செலவழிக்கிற காசு அந்த ஊர்களில் கைவேலை செய்கிறவர்களிடம் போய்ச் சேரட்டும்.

செட்டிநாடு என்று தனியாக ஓர் ஊர் கிடையாது. கானாடுகாத்தான் பக்கத்து ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியைச் சுற்றி இருக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களுக்கெல்லாம் சேர்த்து வழங்கும் பெயர் இது. ஆதியில் 96 ஊர் என்பார்கள், இன்று எழுபத்துச் சொச்சம். பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம், கடியாபட்டி, ராயவரம், தேவகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் நேரான அகலத் தெருக்கள், இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள், ஒரு கோவில், ஊரணி. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றபோதும் ஊர்த் தொகுப்புகளாகத்தான் இடம்பெற்றது. எங்களைக் கேட்டால் அதுதான் சரி. ஒரு மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு ஊர் பிடிபடாது.

முதலில் கானாடுகாத்தானுக்குப் போங்கள். காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். 1912-ல் கட்டிய செட்டிநாடு அரண்மனை அங்கேதான் இருக்கிறது. உள்ளே போக அனுமதி எதிர்பார்க்காதீர்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கிற தெருக்களில் நடங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் நடந்தால் வெயிலும் தெரியாது. வீடுகளின் முகப்பில் மேலே அண்ணாந்து பாருங்கள். சுதையில் கஜலட்சுமி இருப்பாள், பக்கத்திலேயே வெள்ளைக்காரச் சிப்பாயும் நிற்பான். அப்படியே நடந்து அதே வீட்டின் பின்தெருவுக்கு வந்தால் காரை பெயர்ந்த சுவரும், அதில் வேர்விட்ட அரசங்கன்றும், பெரிய பூட்டும் கண்ணில் படும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்பதற்காகத்தான் நடக்கச் சொல்கிறோம்.

அந்தப் பூட்டுக்குக் காரணம் இருக்கிறது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை எழும்பியவை. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிற்கப் போனவர்கள் அனுப்பிய பணம் அது. தூணுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, தரைக்குப் பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் உயிர் பிழைத்தால் போதும் என்று திரும்பி வந்தவர்கள் பலர். போட்ட முதல் அங்கேயே நின்றுபோனது. அடுத்த தலைமுறை பிழைப்புக்குச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனது. வீடு மட்டும் இங்கே. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள், ஆளுக்கொரு ஊர். ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், எல்லோரும் காசு போட வேண்டும். அதனால்தான் பல வீடுகள் கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் மட்டும் திறக்கின்றன.

நம் கல்யாணம் நடக்கிற வீடும் அப்படிப்பட்டதுதான். மூன்று மாதமாக அங்கே ஆள் வேலை செய்கிறார்கள். ஓடு மாற்றியாயிற்று, உள்முற்றமான வளவில் பாசி சுரண்டியாயிற்று. சுவரை மட்டும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. உள்ளங்கையை வைத்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். வந்ததும் வைத்துப் பாருங்கள்.

வீட்டின் அமைப்பையும் சொல்லிவிடுகிறோம், உள்ளே வந்ததும் குழப்பம் இருக்காது. வாசலில் திண்ணையோடு கூடிய முகப்பு. அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை. அதுதான் வளவு, சடங்குகள் நடக்கிற இடம். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, பந்தி அங்கே. கடைசியில் அடுப்படி. வளவைச் சுற்றி வரிசையாகச் சிறு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு உரியது. புள்ளி என்றால் கல்யாணமான ஒரு தம்பதி. கோவில் கணக்கில் எங்கள் சனம் தலையை எண்ணுவதில்லை, புள்ளியைத்தான் எண்ணும். மகனுக்குக் கல்யாணமானால் அவன் பங்குக்கு ஓர் அறை. அதில் அவர்கள் சீர்ச் சாமான், பூட்டும் அவர்களுடையது. எனவே சாத்தியிருக்கிற கதவைத் திறக்க வேண்டாம். வளவு, முகப்பு, இரண்டாம் கட்டு எல்லாம் உங்களுக்குத் தாராளம். உட்காருங்கள், தூணில் சாய்ந்துகொள்ளுங்கள், பிள்ளைகள் ஓடட்டும். செருப்பை முகப்பிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம், அப்பத்தாவும் ஆயாவும் இருக்கிற இடத்தில் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். "ஆச்சி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் அவர்களே சேலையைச் சரி செய்துகொண்டு நிற்பார்கள்.

மற்ற வீடுகளிலும் இதே மரியாதைதான். டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்க விடும் வீடுகள் சில உண்டு. ஆத்தங்குடிப் பெரிய வீடு அதில் முக்கியமானது, தரையும் கூரையும் பார்த்துத் தீராது. அதுபோக, திறந்திருக்கிற கதவெல்லாம் நமக்காகத் திறந்ததில்லை. சில வீடுகளில் ஒரு வாட்ச்மேன் குடும்பம் மட்டும் குடியிருக்கும். கேட்டால் காட்டுவார்கள், கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். திண்ணையில் ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். பார்க்கிற எங்களுக்கு மனது சங்கடப்படுகிறது.

ஆத்தங்குடிக்குப் போனவர்கள் பெரிய வீட்டோடு திரும்பிவிடாதீர்கள். அந்த ஊரிலேயே தரைக்கல் போடுகிற பட்டறைகள் இருக்கின்றன. எதில் வேண்டுமானாலும் நுழைந்து பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஒரு கண்ணாடித் துண்டைக் கீழே வைத்து, அதன்மேல் சட்டத்தையும் சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சையும் வைப்பார்கள். நீர்க்கக் கரைத்த வண்ணச் சிமெண்டைச் சிறு கரண்டியில் எடுத்து அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், சுற்றிலும் பச்சை. அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு நிறம் அடுத்ததில் கலந்துவிடும். தூக்கியதும் வரப்பே இல்லாமல் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையைப் பரப்பி, கரணையால் மட்டம் பார்த்துக் காய வைப்பார்கள். பின்பு பல நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. கல்லிலிருந்து கண்ணாடி கழன்று வரும்போது அந்தப் பளபளப்பு கல்லில் தங்கிவிடும். கையால் மட்டுமே போடுகிற கல் என்பதால் இரண்டு கல் ஒன்றுபோல இருக்காது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வருஷம் போகப் போக மெருகு கூடும்.

ஊருக்குக் கொண்டுபோக நாலு கல் வாங்கிக்கொள்ளுங்கள். எடை இருக்கும், விமானத்தில் வருகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அச்சைப் பிடிக்கிற அந்தக் கைக்கு வயது ஐம்பதுக்கு மேல், பெரும்பாலான பட்டறைகளில் நாங்கள் பார்ப்பது அப்படித்தான். இளையவர்கள் இந்த வேலையில் நிற்க வேண்டுமானால் கூலி கட்டுப்படியாக வேண்டும்.

சேலை வாங்குகிறவர்கள் காரைக்குடியில் கண்டாங்கி கேளுங்கள். பருத்தி நூல், கட்டம், அகலமான கரை, மஞ்சளும் அரக்கும் கறுப்பும். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு விசைத்தறிச் சேலைகளும் கடைக்கு வந்துவிட்டன. அதனால் கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள், நெசவாளரிடமே போய் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. பனை ஓலைக் கொட்டானும் அப்படித்தான். நம் கல்யாணத்தில் தாம்பூலத்துக்கு உங்கள் கையில் வரப்போவதே கொட்டான்தான். பிடித்துப்போனால் எங்கே முடைகிறார்கள் என்று கேளுங்கள், அந்த ஆச்சிமார் வீட்டுக்கே கூட்டிப்போகிறோம்.

முனீஸ்வரன் கோவில் தெருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகள் இருக்கிற தெரு அது, வருகிறவர்கள் எல்லோரும் ஆசையாகப் போவார்கள். போங்கள். பீங்கான் பூச்சுத் தூக்குவாளி, பித்தளைச் செம்பு, சாமிப் படம், மரச் சாமான், ஊறுகாய் ஜாடி என்று அள்ளிப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த சாமான்கள் என்னவென்று அந்தக் கடைகளில் நின்றாலே தெரிந்துவிடும். சின்னச் சாமான்களைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடையின் பின்பக்கம் சாத்தி வைத்திருக்கும் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் வாங்காதீர்கள். தூண் தனியாக வருவதில்லை. ஒரு வீட்டை இடித்தால்தான் வெளியே வரும். நிலைக்கதவுக்கு வெளியூரில் நல்ல விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும் பாகப்பிரிவினையில் நொந்துபோன பங்காளிகள் இடித்துவிடலாம் என்று முடிவுக்கு வருகிறார்கள். கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் எடுக்காவிட்டால் அவ்வளவும் விறகுதான். ஆனால் வாங்க ஆள் குறைந்தால் இடிக்கிற அவசரமும் குறையும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். இதே வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றிக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மீட்டெடுத்த சாரதா விலாஸ். கொஞ்சம் செலவு பிடிக்கும். ஒரு ராத்திரியாவது அப்படி ஒரு வீட்டில் தங்க வசதியுள்ளவர்கள் தங்குங்கள். அந்தக் காசு கூரையைக் காப்பாற்றுகிறது.

கோவில்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிள்ளையார்பட்டிக்கு எல்லோரும் போவீர்கள், போகத்தான் வேண்டும். குடைவரைக்குள் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கற்பக விநாயகருக்கு இரண்டே கை. விடுமுறை நாளில் கூட்டம் நெரியும், அதிகாலையில் போய்விடுங்கள். பக்கத்திலேயே குன்றக்குடி முருகன். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களில் பிள்ளையார்பட்டி ஒன்று என்றால், அதே பக்கத்தில் இருக்கிற வைரவன்பட்டியும் ஒன்று. அங்கே கூட்டம் இருக்காது, கல்வேலையை ஆற அமரப் பார்க்கலாம். மத்தியானம் எல்லாக் கோவிலும் நடை சாத்திவிடும், திறக்க நாலு மணி ஆகும். தமிழ் படித்த நம் நண்பர்கள் சிலர் சிவகங்கை வழியாக வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் நாட்டரசன்கோட்டையில் இறங்கிக் கம்பர் சமாதியைப் பார்க்காமல் வரக்கூடாது.

திருமயத்தில் எங்கள் இருவருக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. காலையில் ஏற வேண்டும் என்கிறார் ஒருவர், மாலையில்தான் நன்றாக இருக்கும் என்கிறார் மற்றவர். எப்போது ஏறினாலும் சரி, ஏறுங்கள். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற வழியில் சாலையை ஒட்டியே இருக்கிறது. 1687-ல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. சாலையோரத்தில் கோட்டை பைரவரைக் கும்பிடாமல் எந்த டிரைவரும் தாண்டமாட்டார். மேலே ஏறினால் பாறையில் பாதி உயரத்தில் ஒரு சிறு குகை, இரும்பு ஏணியில் ஏறிப் போனால் உள்ளே லிங்கம். உச்சியில் ஒரு பீரங்கி. கீழே, அதே பாறையின் தெற்குச் சரிவைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் கோவில். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கக் கண்ணைத் தலையிலிருந்து கால்வரை நகர்த்திக்கொண்டே போக வேண்டும், அவ்வளவு நீளம்.

சாப்பாட்டுக்கு வருவோம். வெளியூரில் செட்டிநாடு என்று போர்டு போட்டு, கண்ணில் தண்ணி வருகிற அளவுக்கு மிளகாயைக் கொட்டித் தருகிறார்களே, அதை மறந்துவிட்டு வாருங்கள். இங்கே காரம் அளவாகத்தான் இருக்கும். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு எல்லாம் அன்றன்றைக்கு வறுத்து அரைப்பதில்தான் வாசனையே. காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், இடியாப்பத்துக்குக் கத்திரிக்காய் கோசமல்லி. மத்தியானம் வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற புளிப்பான பதார்த்தம் அது, சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைத்தான் இரண்டாம் முறை கேட்பார்கள். இனிப்பில் கந்தரப்பமும் கவுனி அரிசியும். கறுப்புக் கவுனி பர்மாவோடு வந்த பழக்கம். வெந்து, தேங்காய்ப்பூவும் சீனியும் நெய்யும் சேர்ந்ததும் கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள், வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். கல்யாணப் பந்தியில் இவ்வளவும் இருக்கும். அசைவம் மட்டும் இருக்காது. அசைவத்துக்கு, முந்தின நாள் காரைக்குடியில் 'பங்களா' என்கிற ஹோட்டலில் இலைச் சாப்பாடு சாப்பிடலாம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மெஸ்களில் உப்புக்கறியும் கிடைக்கும். ஊருக்கு வாங்கிப்போக மணகோலமும் தேன்குழலும் சீப்புச் சீடையும் நல்லது, பல நாள் கெடாது. கடைகளில் கிடைத்தாலும், வீட்டில் சுட்டு விற்கிற ஆச்சிகளிடம் வாங்கினால் ருசி வேறு.

ஊரணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டிலிருந்து வழிகிற மழைத்தண்ணீர் வளவில் இறங்கும். அதில் அண்டா நிறையப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை ஊரணிக்கு அனுப்பித்தான் இந்த வறண்ட சீமையில் அந்தக் காலத்தில் குடித்தனம் நடந்தது. சில ஊர்களில் குடிதண்ணீர் ஊரணி இன்னும் சுத்தமாக இருக்கிறது. படிக்கட்டில் உட்காரலாம், காலை நனைக்கக் கூடாது.

வருகிற வழி: சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகக் காரைக்குடிக்கே வருகிறது. ராமேஸ்வரம் போகிற ரயில்களும் காரைக்குடியில் நிற்கும். விமானமென்றால் மதுரை அல்லது திருச்சி, இரண்டும் காரில் சுமார் இரண்டு மணி நேரம். கல்யாணம் தையில் என்பதால் பகல் வெயில் பொறுக்கும்படி இருக்கும், விடியற்காலையில் லேசாகக் குளிரும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடி வழியாக நடக்கிற மாதம் இது. ராத்திரியில் காரில் வருகிறவர்கள் டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

தாலி கட்டுகிற திருப்பூட்டு காலையில், பெண் வீட்டு வளவில். இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதுவதையும் கழுத்திரு என்கிற பெரிய தங்கத் தாலியையும் பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முன்னதாகவே வந்து வடபக்கத்துத் தூண்களை ஒட்டி இடம் பிடித்துக்கொள்ளுங்கள். சாயந்திரம் பெண் அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது நீங்களும் கூட நடந்து வரவேண்டும், மேளத்தோடு.

முந்தின நாள் வருகிறவர்களுக்கு வேன் ஏற்பாடு செய்கிறோம். காலையில் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான், ஆத்தங்குடி, மத்தியானச் சாப்பாடு, சாயந்திரம் திருமயம். உள்ளூர்த் தம்பி ஒருவர் கூட வருவார். வீடு வீடாக யார், எவர், யாரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எத்தனை பேர் வருகிறீர்கள், சைவமா அசைவமா, வயதானவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை வேண்டுமா என்பதை வாட்ஸ்அப்பில் எங்கள் இருவரில் யாருக்காவது இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள். அறைகள் குறைவு, சீக்கிரம் சொல்கிறவர்களுக்குப் பழைய வீடுகளிலேயே இடம் பிடித்துவிடலாம்.

அன்புடன்,
கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும்